பழைய கார் மாடலில் பெயின்ட் பூத்தால், பொரிந்தால், டயர் ரிம்மைத் தின்றால்

தென்னாப்பிரிக்காவில் பிளாஸ்டிக் கார் மாடலை டர்பனில் கட்டுகிறவருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் கட்டுகிறவருக்கும் பாகங்கள் வரும் கிட் ஒன்றுதான், பெயின்ட்டும் ஒன்றுதான். வரும் பழுதுதான் வேறு. கடலோரத்தில் ஈரம் படுத்துகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில், அதுவும் குளிர்காலத்தில், வறட்சி படுத்துகிறது. கிட்டோடு வரும் குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதனால் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்தே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். உங்கள் கார் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த இடத்திலிருந்து படித்தால் போதும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பழுது கண்ணில் பட்டதும் அதன்மேல் கை வைக்காதீர்கள். ஈரப் பெயின்ட்டைத் துடைக்கப் போனால், அரைமணி நேர வேலையில் சரியாகியிருக்க வேண்டியது பாடி முழுவதையும் உரித்து மறுபடி அடிக்கும் வேலையாகிவிடும். தூசி படாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போய்விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க விரலைவிட மூக்கு நம்பகமானது. பாடியை முகர்ந்து பாருங்கள். பெயின்ட் வாசனை கொஞ்சமாவது வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். வேகமாகக் காயும் பெயின்ட்டான லாக்கருக்கு இரண்டு மூன்று நாள், மெதுவாகக் காயும் எனாமலுக்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம்.

கறுப்பு அடித்தேன், சாம்பல் பூத்து நிற்கிறது

டர்பனில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை அதிகம் வரும் பழுது இதுதான். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமா மகன் ஒரு ஃபோர்டு மாடல் டி பானெட்டை எடுத்து வந்து நீட்டினான்.

"அண்ணா, கறுப்புதான் அடிச்சேன். இப்படி வந்திருக்கு. டப்பா மோசமா?"

"டப்பா நல்லாத்தான் இருக்கு தம்பி. எப்போ அடிச்சே?"

"நேத்து சாயங்காலம், மழை விட்டதும்."

காரணம் அந்தக் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது. லாக்கரை நீர்க்க வைக்க அதில் உள்ள தின்னர் மிக வேகமாக ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது பெயின்ட் பட்ட பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பரப்பு சட்டென்று குளிரும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல, காற்றில் இருக்கும் ஈரம் ஈரப் பெயின்ட்டின்மேல் படிந்துவிடும். அந்த நுண்ணிய நீர்த்துளிகள் பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்வதால்தான் கறுப்பு வெளுத்துத் தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், ஏறக்குறைய 24 டிகிரிக்கு இறங்கினாலே காற்றிலிருந்து நீர் படியும். பரப்பு நான்கு டிகிரி குளிர்ந்தால் போதும், பூத்துவிடும். 22 டிகிரி, 50 சதவீதம் இருக்கும் நாளில் அதே நீர் படிய 11 டிகிரி வரை இறங்க வேண்டும். அந்த நாளில் கை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பெயின்ட் தாங்கிக்கொள்ளும். அதனால் காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ் வாங்குவதற்கு முன்பே ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்குங்கள் என்பேன். இந்தப் பொழுதுபோக்கில் அவ்வளவு மலிவான, அவ்வளவு உபயோகமான கருவி வேறு இல்லை.

பூத்துவிட்டதா? அநேகமாக உரிக்க வேண்டியதில்லை. ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கும் நாள்வரை பொறுங்கள். மெதுவாக ஆவியாகும் தின்னர், அதாவது ரிடார்டர் சேர்ந்த லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் ஊற்றி, பனிபோல் மிக லேசாக ஒரு தடவை அடியுங்கள். மேல்பரப்பு கொஞ்சம் இளகும், சிக்கிய ஈரம் வெளியேறும், கறுப்பு திரும்பிவரும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு செய்தால் சாம்பல் விலகுவது கண்ணுக்கு நேராகவே தெரியும். விலகிய உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு தடவை என்று ஆசைப்பட்டால் வழியும். இரண்டு முறை செய்தும் மேட்டாகவே, அதாவது பளபளப்பில்லாமலே இருந்தால் நன்றாகக் காயவிட்டு, 3000 நம்பர் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடியுங்கள்.

மழைக்காலத்தில் வேறு வழியே இல்லை என்றால், ஏசி ஓடும் அறையில் பாடியை ஒரு மணி நேரம் வைத்திருந்து அங்கேயே அடியுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். ஏசி அறையிலிருந்து குளிர்ந்த பாடியை வராந்தாவுக்குக் கொண்டுபோய் அடிப்பதுதான் கூடவே கூடாது. மூடிய அறையில் லாக்கர் அடிக்கும்போது கரிம ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் இதற்கு உதவாது.

மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் இருக்கிறது, அல்லது மணல்போல் சொரசொரக்கிறது

இது மேற்சொன்னதற்கு நேர் எதிர். பெயின்ட் துளி பாடியைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. தொட்ட பிறகு பரவிப் படிய அதில் ஈரம் இல்லை. ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் குளிர்காலத்தில் இது தினசரி வரும். டர்பனிலும் குளிர்காலத்தில் பெர்க் விண்ட் அடிக்கும் நாளில் வரும். உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் அந்தச் சூடான, வறண்ட காற்று சில மணி நேரத்தில் ஈரப்பதத்தை எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். நேற்று சரியாக வந்த கலவை இன்று வராது. கலவையில் குறையில்லை, காற்று மாறியிருக்கிறது.

ஏர்பிரஷ் என்றால் தின்னரைக் கொஞ்சம் கூட்டுங்கள், பாடிக்கு 10 சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்குங்கள், காற்றழுத்தத்தைக் குறையுங்கள். ஸ்ப்ரே டப்பா என்றால் அதை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நிற்க வைத்துவிட்டு அடியுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது. அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது.

படிந்துவிட்ட ஆரஞ்சுத் தோலை முழுவதும் காய்ந்த பிறகு 2000, 3000 என்று நனைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். தேய்க்கும்போது மட்கார்டின் விளிம்பு, கதவின் ஓரம், பானெட்டின் நடுமடிப்பு ஆகிய இடங்களைத் தொடாதீர்கள். அங்கேதான் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், இரண்டே இழுப்பில் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். அந்த ஓரங்களில் மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டு தேய்ப்பது நல்லது.

பழைய கார் கட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. 1910, 1920-களின் கார்களில் இன்றைய ஷோரூம் கண்ணாடிப் பளபளப்பு இருந்ததில்லை. பிரஷ்ஷாலும் ஊற்றியும் பூசிய பெயின்ட் அது. மேற்கு கேப் மாகாணத்தின் ஃபிரான்ஷூக் மோட்டார் மியூசியத்திலோ ஜோகன்னஸ்பர்க் ஜேம்ஸ் ஹால் மியூசியத்திலோ அந்தக் காலத்து வண்டியை அருகில் நின்று பாருங்கள். பாலிஷை எங்கே நிறுத்த வேண்டும் என்று புரியும். நிறமும் அப்படித்தான். மாடல் டி எல்லாமே கறுப்பு என்பது பாதி உண்மை. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும். அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்களும் உண்டு.

ஏர்பிரஷ் துப்புகிறது, பெயின்ட்டில் நீர்க் கொப்புளம் வருகிறது

கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது சூடாகிறது. அந்தக் காற்று ஹோஸில் போகும்போது குளிர்ந்து நீரை விடுகிறது. டேங்க் அடியில் இருக்கும் வடிகால் திருகை வேலை முடிந்ததும் திறந்துவிடும் பழக்கம் வேண்டும். நீர்ப் பிடிப்பானைக் கம்ப்ரஸரிலேயே மாட்டாமல் ஹோஸின் கடைசியில், ஏர்பிரஷ் பக்கமாக மாட்டுங்கள். அதற்குள் காற்று குளிர்ந்திருக்கும், நீர் அங்கேயே பிடிபடும்.

லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, 2023-ல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் டேங்க் வைத்த கம்ப்ரஸரே வாங்குங்கள். கரண்ட் போனாலும் அடித்துக்கொண்டிருக்கும் பக்கத்தை முடிக்கும் அளவு காற்று அதில் இருக்கும். பாதியில் நின்றுபோன கோட்டைச் சேர்த்து அடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பெயின்ட் வெடித்து வலை வலையாகிவிட்டது

எனாமல்மேல் லாக்கர் அடித்திருக்கிறீர்கள், அல்லது கீழே இருந்த கோட் காயாமல் மேலே அடித்திருக்கிறீர்கள். லாக்கர் தின்னர் கீழே இருப்பதைக் கரைத்துப் பொங்க வைக்கும். எப்போதும் கடுமையானது கீழே, சாதுவானது மேலே: முதலில் லாக்கர், பிறகு அக்ரிலிக், கடைசியில் எனாமல். இதைக் காப்பாற்ற முடியாது, உரிக்கத்தான் வேண்டும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக்கும் பல லாக்கர்களும் வந்துவிடும். பிடிவாதமான எனாமலுக்கு பிரேக் ஆயில். அது தோலைப் புண்ணாக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நிறமேற்றிய மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் தின்னராகப் பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள், வெள்ளையிலும் கிரீமிலும் அந்தச் சாயம் தெரியும்.

வலை இல்லாமல் பிளாஸ்டிக்கே சொறிபிடித்ததுபோல் இருந்தால், அடிக்கோட்டான பிரைமரை ஒரேயடியாக ஈரமாக அடித்திருக்கிறீர்கள். அடுத்த முறை முதல் இரண்டு கோட்டைத் தூவுவதுபோல் அடியுங்கள்.

வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகிக் கண் விழிக்கிறது

எண்ணெய் அல்லது சிலிகோன். அச்சிலிருந்து பிளாஸ்டிக்கைக் கழற்றப் போடும் எண்ணெய் கிட்டில் ஒட்டியிருக்கும். வீட்டில் மரச்சாமான் பாலிஷ் ஸ்ப்ரே அடித்திருந்தாலும் போதும், அதே அறையில் இருக்கும் பாடியில் படிந்துவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு வெந்நீரில் கழுவி, விரல் படாமல் காயவிட்டு அடியுங்கள்.

சிவப்பு பிளாஸ்டிக்மேல் அடித்த கிரீம் ரோஜா நிறமாகிறது

பிளாஸ்டிக்கின் சாயம் மேலே ஏறுகிறது. எத்தனை கோட் அடித்தாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். நடுவில் ஒரு வெள்ளி நிறக் கோட் அடித்துத் தடுத்துவிட்டு, அதன்மேல் வெள்ளை பிரைமர், பிறகு கிரீம். இரண்டு வண்ண ஃபோக்ஸ்வேகன் பீட்டில், பழைய டூரிங் கார் செய்கிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

அந்த இரண்டு வண்ணக் கோடு கோணலாகக் கசிந்தால், டேப் ஒட்டியதும் கீழே இருக்கும் நிறத்தையே விளிம்பின்மேல் ஒரு தடவை அடியுங்கள். கசிவது அந்த நிறமாகவே இருப்பதால் தெரியாது. பிறகு இரண்டாம் நிறம். டேப்பை மேல்நோக்கிப் பிடுங்காமல், தன்மேலேயே மடிந்து வரும்படி பரப்போடு ஒட்டி இழுங்கள்.

குரோம் பொம்மைபோல் பளபளக்கிறது

பலர் இதைப் பழுது என்றே நினைப்பதில்லை. எனக்கோ இது மாடலையே கெடுக்கும் பழுது. கார்களில் குரோம் பூச்சு பரவலானது 1920-களின் கடைசியில்தான். அதற்கு முன் நிக்கல். நிக்கலில் மெல்லிய மஞ்சள் சூடு இருக்கும், குரோமில் நீலக் குளிர்ச்சி. அதற்கும் முன்னால் பித்தளை. மாடல் டி-யின் ரேடியேட்டரே 1916 வரை பித்தளைதான். 1924-ல் போர்ட் எலிசபெத்தில் ஃபோர்டு கார் பூட்ட ஆரம்பித்தபோது வந்த மாடல் டி-க்குக் கறுப்பு ரேடியேட்டர். இந்த ஒரு பாகத்தின் நிறத்தை வைத்தே வண்டியின் காலத்தைச் சொல்லிவிடலாம். அதைத் தப்பாகப் போட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீணாகத் தெரியும்.

கிட் குரோமை நிக்கலாக்க, கிளியர் மஞ்சளில் ஒரு சொட்டு ஸ்மோக் (ஒளி ஊடுருவும் புகைக் கறுப்பு) கலந்து, நிறையத் தின்னர் விட்டு, மிக மெல்லிய ஒரே கோட் அடியுங்கள். பக்கத்தில் ஒரு கரண்டியை வைத்துப் பார்த்தால் நிறம் மாறியது தெரியும், தனியாகப் பார்த்தால் தெரியக் கூடாது. அந்த அளவு சரி.

குரோமே உரிந்து திட்டுத் திட்டாக இருந்தால் முழுவதையும் எடுத்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் ஜிக் போன்ற வெள்ளைப் பிளீச்சில் போட்டால் அந்த அலுமினியப் படலம் சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துபோகும். அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் நிற்கும், அதை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கலாம். நடுவில் நீரில் நன்றாகக் கழுவியே ஆக வேண்டும். பிளீச்சும் ஆல்கஹாலும் சேரக் கூடாது, நச்சு வரும். பிறகு பளபளப்பான கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் குரோம் லாக்கரை மெல்லத் தூவுங்கள். கறுப்பு எவ்வளவு வழவழப்போ குரோமும் அவ்வளவுதான் வரும்.

டயர் ரிம்மைத் தின்கிறது, டயரில் அடித்த பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறது

இரண்டுக்கும் ஒரே காரணம். கிட்டில் வரும் மெத்தென்ற டயர் வினைல். வினைல் வளைய வேண்டும் என்பதற்காக அதில் மென்மையாக்கி கலந்திருக்கும். அது வருடக்கணக்கில் வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் கிட் பிளாஸ்டிக்கை, அதாவது பாலிஸ்டைரீனை, இளக்கும். கட்டி முடித்து அலமாரியில் வைத்த கார் ஒரு நாள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். டயரைக் கழற்றினால் ரிம் சூட்டில் உருகியதுபோல் பள்ளமாக இருக்கும். சூடு இதை வேகப்படுத்தும். தகரக் கூரை போட்ட கராஜில் வைத்திருந்தால் சீக்கிரமே வரும். பழைய கிட் கைமாற்றாக வாங்கும்போது பெட்டியைத் திறந்து, டயர்கள் கண்ணாடிப் பாகங்களோடு ஒரே பையில் கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கண்ணாடியில் டயர்த் தடம் விழுந்திருந்தால் அது போகாது.

தின்றுவிட்ட ரிம்மை டயரிலிருந்து பிரித்துச் சில வாரம் சும்மா வையுங்கள். இளகியது மறுபடி கெட்டியாகும். அதற்குள் தேய்த்தால் பசைபோல் இழுக்கும். கெட்டியான பிறகு புட்டி வைத்து வட்டமாக்குங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் டயர் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிவிட்டு டயரை மாட்டுங்கள். பெயின்ட் மட்டும் போதாது. மென்மையாக்கி பெயின்ட்டையும் தாண்டிப் போகும், உலோகத்தைத் தாண்டாது. காட்சிப் பலகையின் வார்னிஷையும் இதேபோல் கறைப்படுத்தும் என்பதால் டயரின் அடியிலும் ஒரு சிறு துண்டு.

எனாமல் வினைலின்மேல் எத்தனை மாதமானாலும் பிசுபிசுக்கும், அதே மென்மையாக்கிதான் காரணம். மிகப் பழைய கார்களின் வெளிறிய டயர், வெள்ளைப் பக்க டயர் வேண்டுமென்றால் டயரைக் கழுவி, மேட் அக்ரிலிக்கைப் பல மெல்லிய கோட்டாகப் பூசுங்கள்.

கண்ணாடி மங்கலாகிவிட்டது

சூப்பர் க்ளூவின் ஆவி. விண்ட்ஷீல்டுக்கு வெள்ளைப் பசை போதும், அதுவே சரி. மங்கியதைப் பிளாஸ்டிக் பாலிஷால் தேய்த்து எடுக்கலாம்.

பெயின்ட் அடித்த பிறகு பாடி சேசிஸில் உட்காரவில்லை

பெயின்ட்டுக்கும் கனம் உண்டு. பிரைமர், நிறம், கிளியர் என்று இரு பக்கமும் சேர்ந்தால் சிறு கிட்டில் அது கதவு மூடாத அளவுக்கு வரும். அழுத்தாதீர்கள், பழைய பிளாஸ்டிக் வெடிக்கும். ஒட்டும் இடங்களில் மட்டும் கத்தி முனையால் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொடவில்லை என்றால் சேசிஸைக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். முறுக்கியிருந்தால் சூடான நீரில் அமிழ்த்தி, மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பி, குளிர்ந்த நீரில் விடுங்கள். இதைப் பெயின்ட்டுக்கு முன்பே செய்வது உத்தமம்.

டெக்காலைச் சுற்றி வெள்ளிப் படலம் தெரிகிறது, அல்லது தண்ணீரில் போட்டதும் நொறுங்குகிறது

டெக்கால் என்பது நீரில் நனைத்து ஒட்டும் படம். வெள்ளி தெரிவது அடியில் காற்று சிக்கியதால். மேட் பரப்பில் டெக்கால் ஒட்டவே கூடாது, முதலில் கிளியர் அடித்து வழவழப்பாக்குங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டதென்றால் ஊசி முனையால் பல இடங்களில் குத்தி, டெக்கால் இளக்கும் திரவத்தைத் தடவுங்கள். சுருங்கினாலும் தொடாதீர்கள், காயும்போது தானே படியும்.

பழைய கிட்டின் டெக்காலை நேரடியாக நீரில் போடாமல், தேவையில்லாத ஒன்றை வெட்டிச் சோதியுங்கள். அது நொறுங்கினால் மொத்தத் தாளின்மேலும் கிளியர் லாக்கர் லேசாக அடித்து, காய்ந்த பிறகு ஒவ்வொன்றாக ஓரத்தை ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள். மஞ்சளாகிப்போன தாளை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில வாரம் விட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

கிட்டோடு நம் ஊர் நம்பர் பிளேட் வராது. 1951-ல் யூட்டன்ஹேக் தொழிற்சாலையிலிருந்து பீட்டில் வர ஆரம்பித்த காலத்துக்கு ஏற்ப டர்பன் வண்டி என்றால் என்டி (ND), பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றால் என்பி (NP), ஜோகன்னஸ்பர்க் என்றால் டிஜே (TJ) என்று தொடங்கும் எண்ணை வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். எழுத்தின் பருமனும் நிறமும் குடும்ப ஆல்பத்தில் இருக்கும் பழைய போட்டோவைப் பார்த்து எடுப்பதே சரி. தாத்தா வண்டியின் எண்ணே கிடைத்தால் இன்னும் நல்லது. இங்க்ஜெட்டில் அச்சடித்தது நீர் பட்டதும் கரைந்து ஓடினால், அச்சின்மேல் கிளியர் அடிக்காமல் நனைத்திருக்கிறீர்கள். அச்சடித்து ஒரு நாள் காயவிட்டு, தூவுவதுபோல் மூன்று மெல்லிய கோட் கிளியர் அடித்து, மறுநாள் நனையுங்கள். வெட்டிய ஓரங்களில் வெள்ளைத் தாள் தெரிந்தால் அதே நிற மார்க்கரால் ஓரத்தை ஒரு முறை தொட்டுவிட்டு ஒட்டுங்கள்.